அத்தையின் அளவு நூல்

அம்மாவின் இடது தோள் வலது தோளைவிட முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் போன மாதம்தான் அது என் கண்ணில் பட்டது. அவளுக்குப் பருத்தி நூலில் ஒரு குரோஷே மேல்சட்டை பின்னலாம் என்று அளவெடுத்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவளுக்கு முன்பக்கம் திறந்து பொத்தான் வைத்த சட்டைதான் சரிப்படும். இரண்டு தோளும் ஒத்துவரவில்லை. தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடியும் அளந்தேன். அதே முக்கால் அங்குலம்.

"குடம் எப்பவும் இந்த இடுப்புலதானே" என்றாள் அம்மா. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

எனக்கு உத்திரமேரூர் அத்தை நினைவுக்கு வந்தாள். கோடை லீவில் அவள் வீட்டுக்குப் போனால் குரோஷே சட்டை பின்னித்தர முதல் நாளே அளவெடுப்பாள். டேப் கிடையாது. வெள்ளை நூல் ஒன்றை நீளமாக இழுத்து என் மேல் வைத்து, அளவு முடிகிற இடத்தில் முடிச்சுப் போடுவாள். கழுத்துக்கு ஒற்றை முடிச்சு, தோளுக்கு இரட்டை, மார்புக்கு மூன்று. காகிதத்தில் எதையும் எழுதியதில்லை. "மூச்சை இழுத்துப் பிடிக்காதடி கண்ணு, சும்மா இரு" என்பாள். நான் சும்மா இருக்கும்வரை காத்திருப்பாள்.

நின்றபடி அளந்ததோடு விடமாட்டாள். உட்காரச் சொல்லி அளப்பாள். பிறகு பாயில் படுக்கச் சொல்லி அளப்பாள். எதற்கு மூன்று தடவை என்று ஒருநாள் சிணுங்கினேன். "நம்ம ஊர் சுந்தர வரதர் கோயில்ல பெருமாள் கீழே நிக்கிறாரு, நடு மாடியில உக்காந்திருக்காரு, மேல படுத்திருக்காரு. மூணுக்கும் ஒரே அளவாவா இருக்கும்?" என்றாள். அந்த விமானத்தின் மூன்று நிலைகளையும் படியேறிப் பார்த்தவள்தான் நான். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நின்றபடி மட்டும் அளந்து தைத்த ரவிக்கை உட்கார்ந்ததும் அக்குளில் கடிக்கும். அத்தை பின்னிக்கொடுத்த சட்டை எதுவும் என்னைக் கடித்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. பின்னத் தொடங்குமுன் என்னைச் சுவரோடு நிற்கவைத்து உயரத்துக்குக் கரியால் கோடு போடுவாள். என் கையாலேயே சாண் போட்டு அதை அளக்கச் சொல்வாள். ஏறக்குறைய எட்டுச் சாண் வரும். அவள் உயரத்தை அவள் கையால் அளந்தாலும் எட்டு. குட்டைக்கும் நெட்டைக்கும் அவரவர் கைக்கு எட்டுதான். எண் சாண் உடம்பு என்று சும்மாவா சொன்னார்கள்? சோழர் காலத்தில் நிலம் அளந்த 16 சாண் கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். பக்கத்தில் காஞ்சியிலேயே உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார். அவரும் கோலைத் தேடவில்லை, தன் காலாலேயே அளந்தார். பூக்காரம்மா இன்றும் தன் கையால் முழம் போடுகிறாள். அளவு என்பது உடம்பிலிருந்து பிறந்தது. S, M, L என்று பொட்டலத்தில் ஒட்டி வருவது பின்னால் வந்த வழக்கம்.

தையற்காரர் விரித்த துணியை உடம்புக்காக வெட்டுகிறார். குரோஷேயில் வெட்டே இல்லை. கொக்கியால் போடும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண். கழுத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினால் சட்டை ஆளின் மேலேயே வளரும். அகலம் வேண்டிய இடத்தில் ஒரே கண்ணில் இரண்டு கண் போடலாம். ஒடுங்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் கணக்கு முக்கியம். நாலங்குலச் சதுரம் ஒன்றை முதலில் பின்னி, துவைத்துக் காயவைத்து, கண்களை எண்ண வேண்டும். என் கைக்கு நாலங்குலத்தில் 20 கண் வந்தது, அங்குலத்துக்கு ஐந்து. அம்மாவின் மார்பளவு 36, தளர்வுக்கு 2 அங்குலம், ஆக 38. அதை ஐந்தால் பெருக்கினால் 190 கண். இந்தக் கணக்கை இன்னொருத்தி கைக்குக் கொடுத்தால் ஒத்துவராது. கோபத்தில் பின்னினால் என் கைக்கே ஒத்துவராது, நூல் இறுகிவிடும்.

ஊசிப் பின்னலுக்கு இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இலேயே இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். குரோஷேயை அச்சு அசலாகப் பின்னும் இயந்திரம் இன்றைக்கும் சந்தையில் இல்லை. ஆகவே கடையில் மலிவு விலைக்குத் தொங்கும் அசல் குரோஷே சட்டையையும் ஏதோ ஒரு கைதான் ஒவ்வொரு கண்ணாகப் பின்னியிருக்கிறது. ஆந்திராவின் நரசாபுரத்தில் வீட்டுத் திண்ணையில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. அவர்கள் பின்னியதை உடுத்தப்போகிறவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உழைத்த நேரம் விலையிலும் தெரிவதில்லை. அத்தை என்னை மூன்று தடவை அளந்ததை நினைத்துக்கொண்டால் அந்த விலைச்சீட்டைப் பார்க்க மனம் வலிக்கிறது.

அம்மாவின் சட்டைக்கு இடது தோளில் மூன்று வரி கூட்டினேன். அந்த முக்கால் அங்குலத்தை அது நிரப்பிவிட்டது. போட்டுப் பார்த்தாள், பாயில் உட்கார்ந்தாள், படுத்தாள். எழுந்து, "இழுக்கல" என்றாள்.

அத்தை போன பிறகு அவள் கொக்கிப் பெட்டி என்னிடம் வந்தது. அதற்குள் முடிச்சுப் போட்ட நூல்கள் பதினொன்று இருந்தன. எது யாருடையது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தேன். எதுவும் சேரவில்லை. சேரும் என்று எப்படி நினைத்தேன்? எட்டு வயதுத் தோள் அது.

குரோஷேயில் உயிரோடு இருப்பது கடைசிக் கண் ஒன்றுதான். முடிச்சை அவிழ்த்து அதை இழுத்தால் போட்ட பின்னல் முழுதும் நூலாகத் திரும்பிவிடும். நூலில் சுருள் நிற்கும்; தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் அதுவும் போய்விடும். இந்த வாரம் அம்மாவின் தோளை மறுபடி அளந்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்த மூன்று வரியைப் பிரித்து நான்காகப் போட உட்கார்ந்திருக்கிறேன். அவள் அளவை எழுதி வைக்கவில்லை. வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டு, அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டியிருக்கிறேன்.