‘அகதி’ என்றொரு சொல்

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பாதிப்பேர் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களிலிருந்து பேருந்தில் வருகிறோம். சிலர் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வருவார்கள். ரயில் தாமதமானால் அவர்களுக்கு பெஞ்சில் இடம் இராது. ஒருநாள் அப்படி வந்து நின்ற தோழியை, “ஏனடி, அகதி மாதிரி நிற்கிறாய்?” என்று கேட்டுச் சிரித்தோம். எங்கள் வீடுகளில் இது சாதாரணப் பேச்சு. அவள் சிரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள் அவள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை” என்றாள், ஆனால் அன்று எங்களோடு சாப்பிட உட்காரவில்லை.

தமிழ் சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டார். “வீடில்லாதவர்” என்றோம்.

“2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது உங்கள் கரையிலும் வீடிழந்தவர்கள் உண்டே! அவர்களை யாராவது அகதி என்றார்களா?”

இல்லைதான். ‘கதி’ என்றால் வழி, புகலிடம். நீதி அநீதியாவது போல, முன்னே வரும் ‘அ’ அதை இல்லையென்று ஆக்குகிறது. குடிசை போனாலும் நம்மவர்க்கு ஏரி இருந்தது, பாடு இருந்தது, திரும்பிப் போகக் கரை இருந்தது.

தோழிக்கோ வீடு இருக்கிறது. வாசலில் முருங்கைமரம் கூட நிற்கிறதாம். அவளுடைய அம்மாவும் அந்த முகாமில் பிறந்தவர்தான். ஆயினும் இருவருக்கும் இந்நாட்டுக் குடியுரிமை இல்லை. ‘ஏதிலி’ என்று சொல்லலாமே என்றாள் ஒருத்தி. ஏதிலார் என்றால் அயலார் என்று குறளில் படித்திருக்கிறோமே, அது மட்டும் பொருந்துமா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, இனி இவை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்றே அழைக்கப்படும் என அறிவித்தது. அரசு விட்ட சொல்லை நாங்கள் விடவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மம்மா வந்திருந்தார். 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். தயங்கித் தயங்கி அவரருகே போனோம்.

“நீங்கள் எந்த ஊர்ப் பிள்ளையள்?”

“பழவேற்காடு, பாட்டி.”

“கடற்கரைப் பிள்ளையளோ! எங்கட ஊரும் கடற்கரைதான். அங்க நல்ல கருவாடு கிடைக்குமே?”

மறுவாரம் வாளைக் கருவாடு இரண்டு பொட்டலம் கொண்டுவந்து தோழியின் பையில் வைத்தோம். மாலைவரை வகுப்பே மணத்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார்.