பழைய நேரம், புதிய நேரம்

காலம் பொன்னானது என்று நாமெல்லோரும் சின்ன வகுப்பிலேயே கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் பொன்னை நிறுக்கும் தராசு யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. இவ்வருடம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

என் ராத்தா வீட்டிலிருந்தபடியே லண்டனிலுள்ள பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறா. மணித்தியாலக் கணக்கில்தான் சம்பளம். வகுப்பு முடிந்ததும் நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து வைப்பா. ஒரு மாதம் கொப்பியில் 41 மணித்தியாலம் இருந்தது. வகுப்புகளை ஒழுங்கு செய்பவர்கள் அனுப்பிய கணக்கில் 37. "எங்கள் கணினியில் இவ்வளவுதான் பதிவாகியுள்ளது" என்றார்கள். கொப்பியைக் காட்டி வழக்காட முடியவில்லை. மருதமுனையில் தறி நெய்பவர் முடித்த சாரத்தை எடுத்துக் காட்டலாம். படிப்பித்த நேரத்தை எதை எடுத்துக் காட்டுவது?

அதனால்தான் நேரத்தைப் பதியும் வலைச் செயலி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். திரையில் தெரிவது "தொடங்கு", "நிறுத்து" என்ற இரண்டு பொத்தான்கள் மட்டுமே. உண்மையான வேலை பின்னால், சேவையகத்தில் இருக்கிறது. காக்காவின் பழைய லப்டொப்பில் உபுண்டு போட்டேன். பாடத்தில் படித்த பைதனோடு ஃபிளாஸ்க்கைச் சேர்த்தேன். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட். அது முழுத் தரவையும் ஒரே கோப்பில் வைத்திருப்பதால் பென் டிரைவில் பிரதி எடுப்பது இலகு.

"கரண்ட் போனா உன்ட மணிக்கூடும் நிண்டுருமே புள்ள?" என்று உம்மா கேட்டா. நிற்காது. ஏனென்றால் சேவையகத்துக்குள் எந்த மணிக்கூடும் வகுப்போடு சேர்ந்து ஓடுவதில்லை. அட்டவணையில் தொடக்க நேரம் எழுதப்படும். முடிவு நேரத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தால் வகுப்பு நடக்கிறது என்று பொருள். முடிந்ததும் கழித்துப் பார்த்தால் போதும். இடையில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால்? ராத்தாவின் போன் நிமிடத்துக்கொரு தடவை "இருக்கிறேன்" என்று சேவையகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்ன நேரமே முடிவு நேரம். போனின் கடிகாரத்தை யாரும் மாற்றிவிடலாம் என்பதால், பதிவதெல்லாம் சேவையகத்தின் நேரத்தையே.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சுவையான பாடம் கிடைத்தது. நம் நேரத்தை அப்படியே எழுதினால் என்ன என்று ராத்தா கேட்டா. பதில் உம்மாவின் பள்ளிக்கூட நாட்களில் இருந்தது. 1996 மே 25 இல், மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே வருடம் ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. 2006 ஏப்ரல் 15 இல் மற்ற அரை மணித்தியாலமும் குறைந்து, இன்றைய ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்குத் திரும்பினோம். "பழைய நேரமா, புதிய நேரமா எண்டு கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கும் போறது" என்று உம்மா சிரித்தா.

2006 இல் அந்த இரவு 12.30 ஆனபோது கடிகாரம் மீண்டும் 12.00 ஆனது. இரவு 11 மணிக்கு வேலை தொடங்கி 1 மணிக்கு முடித்த காவலாளிக்குக் கடிகாரக் கணக்கில் இரண்டு மணித்தியாலம், உழைத்ததோ இரண்டரை. லண்டனில் இப்படியான மாற்றம் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறுகளில் நடக்கிறது. ஆகவே சேவையகத்தில் நாடுகளைச் சாராத உலகப் பொது நேரத்தை, அதாவது யூரீசியை மட்டுமே எழுதுகிறேன். காட்டும்போது மட்டும் கொழும்பு நேரமாகவோ லண்டன் நேரமாகவோ மாற்றுகிறேன். எந்த நாடு எப்போது கடிகாரத்தை மாற்றியது என்ற வரலாறு முழுவதும் கணினியிலுள்ள நேர வலயத் தரவுத்தளத்தில் இருக்கிறது. நம் நாட்டுக்கு அங்கே "ஆசியா/கொழும்பு" என்று பெயர்.

பெயர் கொழும்பாக இருந்தாலும், ஐந்தரை மணித்தியாலத்துக்குரிய கோடு 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோடு. அதற்குக் கிட்ட இருப்பது நம் கல்முனைக் கரைதான். கொழும்பைவிட ஏறக்குறைய எட்டு நிமிடம் முந்தி நமக்கு லுஹருடைய நேரம் வருவதும் அதனால்தான். ஒரே கடிகாரத்துக்குக் கீழே இருந்தாலும் ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சூரியன் உண்டு.

சில நிறுவனங்களின் நேரப் பதிவுச் செயலிகள் வேலை செய்பவரின் திரையையும் படம் பிடிக்கின்றன. என்னுடையதில் அது இல்லை. ராத்தாவின் நேரம் ராத்தாவுக்கே சொந்தம். பதிவை யாருக்குக் காட்டுவது என்பதும் அவவின் விருப்பம். சென்ற மாதம் முதன்முறையாக, இரு நாட்டு நேரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தாளை அச்சிட்டு அனுப்பினா. 39 மணித்தியாலமும் 20 நிமிடமும். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பழைய நான்கு மணித்தியாலம் திரும்பி வரவில்லை.

நம் ஊர்களில் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து தைக்கிறார்கள், சமைத்துக் கொடுக்கிறார்கள், படிப்பிக்கிறார்கள். சகோதரிகளே, லப்டொப் இல்லாவிட்டால் பரவாயில்லை. தொடங்கும்போதே தொடக்க நேரத்தை எழுதுங்கள், முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதாதீர்கள். உங்கள் உழைப்பின் கணக்கு முதலில் உங்கள் கையில் இருக்கட்டும்.