முதல் தூண்டில்

உழவனுக்குக் கலப்பை; தச்சனுக்கு உளி; எழுதுவோனுக்குப் பேனா. ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய கருவி உண்டு. கருவி செம்மையாக அமைந்தால் தொழிலில் பாதி நிறைவேறியது போலாகும். பெருஞ்செல்வம் உடையோர் ஒரு கருவி பழுதானால் மற்றொன்றை வாங்கிக் கொள்வர். சிறு பொருள் உடையோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, குறைந்த பொருள் கொண்டு வாங்குவோரே மிகுதியாக ஆராய்ந்து வாங்க வேண்டும். தூண்டிலை வைத்து இவ்வுண்மையை இங்கே விளக்க விரும்புகிறேன்.

தூண்டில் நம் நாட்டிற்குப் புதிதன்று. சங்க நூல்களில் அது பேசப்படுகிறது. சூதாட்டத்தில் வரும் வெற்றி, மீன் இரையென எண்ணித் தூண்டில் முள்ளை விழுங்கியது போன்றது என்றார் திருவள்ளுவர். தூண்டிலைக் கண்டறியாதவர்க்கு அவ்வுவமை விளங்காது. எளிய மக்களுக்கும் பழகிய பொருளாக அது அந்நாளில் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரையில் வளர்ந்தவன் நான். எனக்குத் தூண்டில் போடக் கற்பித்தவர் என் தந்தையார். ஒரு மூங்கிற் கழி, இரண்டு பாகம் நரம்பு, ஒரு முள், மயிலிறகின் தண்டால் ஆன ஒரு தக்கை ஆகியவையே எங்கள் கருவிகள். காசு மிகுதியாகச் செலவாகவில்லை. கெண்டையும் கெளுத்தியும் கிடைத்தன. தக்கை அசைவதற்கும் அமிழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய, அதனினும் சிறந்த ஆசிரியர் இல்லை. ஆயினும் மூங்கிற் கழிக்கு ஓர் எல்லை உண்டு. கழியின் நீளமும் நரம்பின் நீளமும் எவ்வளவோ, அவ்வளவு தொலைவுக்கே இரை செல்லும். பெரிய மீன் அகப்பட்டு ஓடத் தொடங்கினால், அதற்கு விட்டுக்கொடுக்க நரம்பு இராது. அப்பொழுது முள்ளோ, நரம்போ, கழியோ முறிந்துபோகும்.

இக்குறையைத் தீர்ப்பதே ரீல் எனப்படும் சுற்றுருளை. இன்று பலரும் கையாளும் வகைக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்தைச் சார்ந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பவர். 1905-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்த ரீல்களில், இரையை வீசும்பொழுது உருளையும் உடன் சுழலும். சுழற்சி மிகுந்தால் நரம்பு சிக்கிக்கொள்ளும். இல்லிங்வொர்த் அமைத்த ரீலில் உருளை அசையாது நிற்கும். நரம்பு அதன் முனையிலிருந்து சுருள்சுருளாக நழுவிச் செல்லும். புதிதாகக் கற்பவர்க்கு இவ்வகையே ஏற்றது. பின்னர் 1935-இல் அமெரிக்க அறிஞர் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டறிந்தார். பட்டும் பருத்தியும் முறுக்கிய கயிறுகளின் இடத்தை நைலான் நரம்பு பிடித்துக்கொண்டது.

சில திங்களுக்கு முன் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். பத்தாம் வகுப்பில் பயில்பவன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரியோர் தந்த காசை இரண்டு ஆண்டுகள் உண்டியலில் சேர்த்து, 1,800 ரூபாய் வைத்திருந்தான். “மாமா, நல்ல தூண்டில் ஒன்று வாங்க வேண்டும். இது போனால் மறுபடி வாங்க என்னால் இயலாது” என்றான். அவன் கூறியது உண்மை. அவன் தந்தையார் நாட்கூலி பெறுபவர். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்குக் கேட்காமல் விட்டு வைத்ததே அவன் தாயார் செய்த பெருங்கொடை.

கடைக்குச் செல்லுமுன் அவனிடம் இரண்டு வினாக்களைக் கேட்டேன். “எங்கே மீன் பிடிக்கப் போகிறாய்? எந்த மீனைப் பிடிக்கப் போகிறாய்?” இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் கருவி வாங்குபவன், கால் அளவு அறியாமல் செருப்பு வாங்குபவனுக்கு ஒப்பாவான். அவன் செல்லவிருந்தது ஊர்க்குளத்திற்கும் ஆற்றுக்குமே. அங்கே கெண்டை, கெளுத்தி, ரோகு, 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா முதலிய மீன்கள் உண்டு. இவற்றுக்கு ஏழடி நீளமுள்ள நடுத்தர வலுவுடைய கோலும், 2500 அல்லது 3000 என்னும் அளவெண் பொறித்த ரீலும் போதும்.

கடையில் பளபளக்கும் கோல்கள் வரிசையாக நின்றன. மிகவும் மெல்லிய கரிநார்க் கோலைச் சிறுவன் கையில் எடுத்தான். இறகுபோல் எடையற்றது என்று வியந்தான். கண்ணாடி நார்க் கோல்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும், கரிநார்க் கோல்கள் 1970-களிலும் பரவின. கரிநார் எடை குறைந்தது; மீன் தொடுவதை நுட்பமாக உணர்த்துவது. ஆனால் கல்லில் மோதினாலும் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் எளிதில் முறியக்கூடியது. கண்ணாடி நார்க் கோல் சற்றே கனமானது; எனினும் வளைந்து கொடுக்கும், அடியையும் தாங்கும். கற்கும் கைகளுக்குப் பொறுமையுள்ள தோழனே ஏற்றவன். ஆகவே கண்ணாடி நார்க் கோலையே தேர்ந்தோம்.

கோலைத் தேரும்பொழுது நான்கு செய்திகளை நோக்க வேண்டும். முதலாவது, நுனியை மெல்ல வளைத்தால் வளைவு ஒரே சீராக இறங்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடங்குவது போல் இருத்தல் ஆகாது. இரண்டாவது, இரு துண்டுகளும் பொருந்தும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒன்றனுள் ஒன்றாகப் பல துண்டுகள் மடங்கும் கோல் எடுத்துச் செல்ல எளிது; ஆனால் இணைப்பு மிகுந்தால் பழுதும் மிகும். மூன்றாவது, நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஏழடிக் கோலுக்கு ஆறு அல்லது ஏழு வளையங்கள் இருப்பது நன்று. அப்பொழுதுதான் மீனின் இழுப்பு கோல் முழுவதும் பரவும். நான்காவது, ஒரு சிறு பஞ்சை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சின் இழை சிக்குமாயின் வளையத்தில் கீறல் உண்டு என அறிக. அக்கீறல் நாள்தோறும் நரம்பை அறுக்கும்.

அடுத்தது ரீல். பொருளில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கோலில் அசையும் உறுப்பு இல்லை. ரீலிலோ பற்சக்கரங்கள் பல உள. பெட்டியின்மேல் ‘பன்னிரண்டு பேரிங்’ என அச்சிட்டிருந்ததைச் சிறுவன் காட்டினான். பேரிங்குகளின் எண்ணிக்கை அன்று, அவற்றின் தரமே ரீலின் தரம். நல்ல பேரிங் நான்கு உள்ள ரீல், மட்டமான பேரிங் பன்னிரண்டு உள்ளதைவிட நெடுநாள் உழைக்கும். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தோம். கரகரப்பின்றி ஓடியது. கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தோம், ஆட்டமில்லை. 5.2:1 என்று பொறித்திருந்ததன் பொருளையும் விளக்கினேன். கைப்பிடி ஒரு முறை சுழலும்பொழுது நரம்பைச் சுற்றும் பகுதி 5.2 முறை சுழலும் என்பதே அது.

ரீலின் உயிர்நிலை டிராக் எனப்படும் இழுவைத் திருகு. மீன் வலுவாக இழுத்தால், நரம்பு அறுந்துபோகுமுன் உருளை சிறிது சுழன்று விட்டுக்கொடுக்குமாறு செய்வது அது. அதைத் தளர்த்தி நரம்பை இழுத்தால், நரம்பு தடங்கலின்றி ஒழுக வேண்டும். திடீர்திடீரென நின்று நின்று வருமாயின் அந்த ரீலை வாங்கலாகாது. 5 கிலோ தாங்கும் நரம்பாயின், அதில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இழுத்தவுடன் உருளை நழுவுமாறு திருகை அமைக்க வேண்டும். ஒரு சிறு வில் தராசு இருந்தால் இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

கடைக்காரர் விலை கூடிய மற்றொன்றை எடுத்து வைத்தார். “அண்ணாச்சி, இவன் கடலுக்குப் போகவில்லை, குளத்துக்குப் போகிறான்” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டு, “அப்படியானால் முந்தியதே போதும்” என்றார். ரீல் 850 ரூபாய், கோல் 600 ரூபாய், நரம்பும் முட்களும் ஈயக்குண்டுகளும் தக்கைகளும் 200 ரூபாய். எஞ்சிய 150 ரூபாயைச் சிறுவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மீதியே அன்றைய வாணிகத்தில் எனக்குப் பெரிதும் உவப்பளித்தது. நரம்பும் முள்ளும் அடிக்கடி தேய்ந்துபோகும் பொருள்கள் அல்லவா!

வாங்கியதோடு கடமை தீர்ந்துவிடாது. நீரிலிருந்து திரும்பியதும் கோலையும் ரீலையும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். மணலில் ரீலைக் கிடத்தக் கூடாது. ஒரு மணற்பொடி பற்சக்கரத்தைத் தேய்த்துவிடும். கடற்கரைக்குக் கொண்டு சென்றால் நன்னீரால் உப்பைக் கழுவுதல் வேண்டும். வீட்டில் வைக்கும்பொழுது இழுவைத் திருகைத் தளர்த்தி வைத்தல் நலம்.

மாணவர்களே! உயிரினும் மேலான மீன் எதுவும் இல்லை. கரிநார் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான எந்தக் கோலும் அபாயமே. ஆதலின் மின்கம்பிகளின் அருகே கோலை உயர்த்தாதீர்கள். இடி முழங்கும்பொழுது நீர்க்கரையில் நில்லாதீர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் துணையின்றி ஆழமான இடத்திற்குச் செல்லாதீர்கள். குளத்தின் மீன்பிடி உரிமை ஏலத்தில் ஒருவர்க்கு விடப்பட்டிருந்தால், அவரது இசைவைப் பெற்றே தூண்டிலை இடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். நாரையும் கொக்கும் அதில் கால் சிக்கி மாளும். சிறு மீன்களை ஈரக்கையால் பற்றி, முள்ளை மெல்ல நீக்கி, நீரிலேயே விட்டுவிடுங்கள். அவை வளர்ந்தால்தான் நாளைய குளத்தில் மீன் இருக்கும்.

தேவையை முதலில் அறிதல், தோற்றத்தில் மயங்காமை, உயிரான உறுப்பிற்குப் பொருளை மிகுதியாக ஒதுக்கல், வாங்கியதைப் பேணல் ஆகிய நான்கும் தூண்டிலுக்கு மட்டும் உரியன அல்ல. நாளை நீங்கள் தையற்பொறி வாங்கலாம், சைக்கிள் வாங்கலாம், வீடும் கட்டலாம். அங்கெல்லாம் இவை உங்களுக்குத் துணை நிற்கும். பொருள் சிறிதாயினும் ஆராயும் அறிவு பெரிதாயின், எளியவன் வீட்டுக் கருவியும் நெடுங்காலம் உழைக்கும்.