காணேல்ல எண்டதுக்கு என்ன ரென்ஸ்?

முதலாம் வருசத்தில் ஆங்கில வகுப்பு எண்டாலே எங்களுக்குக் கை குளிரும். சொல் தெரியாமல் இல்லை. 'கோ' எண்டால் என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். 'வென்ற்' போடுறதா, 'ஹாவ் கோன்' போடுறதா எண்டு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, கேட்டவர் அடுத்த ஆளிட்டப் போயிடுவார்.

ஒருநாள் எங்களில ஒருவன் "ஐ ஹாவ் சீன் தற் ஃபில்ம் யெஸ்ரடே" எண்டான். வகுப்பே சிரிச்சது. சிரிச்ச எங்களுக்கும் எது பிழை எண்டு தெரியாது.

விடுதியில் இருந்து கதைக்கேக்கதான் பிடிபட்டது. "நேற்று அந்தப் படம் பாத்தனாங்கள்." "அந்தப் படம் பாத்திருக்கிறம்." இரண்டையும் நாங்கள் மாறிச் சொல்லுறதில்லை. நேற்று, போன கிழமை எண்டு முடிஞ்ச நேரத்தைச் சொன்னால் 'சோ'. எப்ப எண்டது முக்கியமில்லை, பார்த்த அனுபவம் இருக்கு எண்டால் 'ஹாவ் சீன்'. எங்கட வாயில் ஏற்கெனவே இருந்த வித்தியாசம்தான்.

எல்லாம் இப்படிப் பொருந்தாது. "ஒரு வருசமா விடுதியில இருக்கிறம்" எண்டதை அப்படியே மாத்தி "வீ ஆர் லிவிங்" எண்டுவம். ஆங்கிலத்துக்கு அங்க "வீ ஹாவ் பீன் லிவிங்" வேணும். தொடங்கினது அப்ப, இன்னும் முடியேல்ல. இப்படித்தான் மனதில் வைத்துக்கொண்டோம்.

பிறகொரு நாள், சோடி சோடியாகக் குடும்பத்தைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். "வட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" எங்கட தோழி எழும்பி, "மை ஃபாதர்..." எண்டு நிண்டிட்டாள். ரென்ஸ்தான் வருகுதில்லை எண்டு நினைச்சு ஒருத்தர் 'இஸ்' எண்டு எடுத்துக் குடுத்தோம், இன்னொருத்தர் 'வோஸ்' எண்டு. அவள் பேசாமல் இருந்திட்டாள்.

2009 இல், அவளுக்கு ஐந்து வயதில், அப்பா காணாமல் போனவர். 'இஸ்' எண்டால் எங்க வேலை செய்யிறார் எண்டு கேட்பினம். 'வோஸ்' எண்டால் அவர் இல்லை எண்டு அவளே முடிவு சொன்ன மாதிரி. அம்மா இண்டைக்கும் அப்பாவின்ர படத்துக்கு மாலை போடேல்ல.

தமிழில் அவளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. "அப்பாவைக் காணேல்ல." அந்தச் சொல்லில் காலம் காட்டுகிற துண்டே கிடையாது. அண்டைக்கும் காணேல்ல, இண்டைக்கும் காணேல்ல. ஒண்டையும் தெரிவுசெய்யத் தேவையில்லை.

அன்றிரவு அவளிட்ட மன்னிப்புக் கேட்டோம். பிறகு எல்லாருமாக இருந்து தேடினோம். பதில் எங்கட விடுதி வசனத்திலேயே கிடந்தது. "மை ஃபாதர் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009." தொடங்கினது அப்ப, இன்னும் முடியேல்ல. அவள் அதைக் கொப்பியில் எழுதி, இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் சம்மதிச்சபடியால்தான் இதை எழுதுகிறோம். அடுத்த கிழமை வகுப்பில் அவளே எழும்பி அந்த வசனத்தைச் சொன்னாள். இடையில் ஒருக்கா நிண்டாள். இந்த முறை நாங்கள் ஒருத்தரும் எடுத்துக் குடுக்கேல்ல.