நீலப் பெயிண்டுக்கு அடியில்

பழைய ஷியரிங் மிஷின் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெயிண்ட். கோவையில் அந்த ஷெட்டுக்குள் நான் பார்த்ததும் அப்போதுதான் அடித்து உலர்ந்திருந்த நீலம்தான். "ஜெர்மன் மிஷினுங்க. பத்து எம்.எம்., மூணு மீட்டர். இந்த மாதிரி இரும்பு இப்ப எங்கீங்க கெடைக்குது?" என்றார் வியாபாரி. மோட்டாரைப் போட்டு, பிளைவீல் வேகம் பிடித்ததும் ஒரு துண்டு ஷீட்டை உள்ளே விட்டு வெட்டிக் காட்டினார். மூன்று எம்.எம். ஷீட்டை எந்த மிஷினும் வெட்டும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. இது எங்கே பிறந்தது, யார் யாரிடம் இருந்தது, இத்தனை வருடமாக எதை வெட்டியது?

திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் எனக்கு ஃபேப்ரிகேஷன் பட்டறை. டக்ட், ஹாப்பர், நடைமேடை, ஏணி என்று வேலை வரும். தகட்டைக் கேஸ் கட்டிங்கில்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். வெட்டிய விளிம்பைக் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதிலேயே ஆட்களின் நேரம் கரையும். நீளமான நேர்வெட்டுக்கு ஷியரிங் மிஷினை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கட்சி. கேஸ் இல்லை, சூடு இல்லை, ஒரு மிதி, வேலை முடிந்தது. ஃபைபர் லேசர் வந்த பிறகு பல கம்பெனிகள் ஷியரிங் மிஷினைத் தள்ளிவிடுகின்றன. அதனால் பழைய சந்தையில் வரத்து அதிகம். உழைக்கத் தெம்புள்ளதும் வருகிறது, உயிர் போனதும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயிண்ட்தான் அடிக்கிறார்கள்.

மிஷினின் பழைய வாழ்க்கை ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 10 எம்.எம். கனமுள்ள சாதா இரும்புத் தகட்டை 3 மீட்டர் நீளத்துக்கும் ஒரே சமயத்தில் வெட்டுவதென்றால் ஆயிரம் டன்னுக்கு மேல் விசை வேண்டும். எந்தப் பட்டறையிலும் அது நடக்காது. அதனால்தான் மேல் பிளேடைச் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள். கத்தரிக்கோல் துணியை நறுக்குவதுபோல வெட்டு ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நகர்கிறது. 2 டிகிரி சாய்வு இருந்தால் அதே தகட்டுக்கு ஐம்பது, அறுபது டன் போதும். ஆனால் அந்த விசை முழுவதும் மிஷினின் இரண்டு பக்கச் சட்டங்களையும் வாய் பிளக்க இழுக்கிறது. தகட்டை உள்ளே விட வசதியாகச் சட்டத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் மூலையில்தான் அத்தனை இழுப்பும் போய்ச் சேரும். வருடக்கணக்கில் அளவுக்கு மீறிய தகட்டைப் போட்டவன் கையில் இருந்த மிஷின் அந்த மூலையில் விரிசல் விட்டிருக்கும். அதன் மேல் புட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளைக் கிரேன் வைத்து இறக்கி, அஸ்திவாரம் போட்டு நிறுத்திய பிறகு தெரியவந்து பயனில்லை.

வியாபாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, மோட்டாருக்குப் பின்னால், ஸ்ப்ரே கன் சரியாக எட்டாத இடத்தில் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் சாம்பல். ஆக, குறைந்தது மூன்று வீடு மாறியிருக்கிறது.

அடுத்தது மரை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபிட்டர் ஒருவர், மிஷினின் ஊரைத் தெரிந்துகொள்ளப் போல்ட்டைக் கழற்றிப் பார் என்பார். அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் இங்கிலாந்துக்காரன் விட்வொர்த் மரை. 13 இருந்தால் அமெரிக்கன். முக்கால் அங்குலத்தில் இரண்டுக்குமே 10 மரைதான், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அரை அங்குலம்தான் காட்டிக்கொடுக்கும். இந்த மிஷினில் பேக் கேஜைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி பிட்ச் கேஜ் வைத்தேன். 2 எம்.எம். கச்சிதமாக உட்கார்ந்தது. மெட்ரிக் மரை. பழைய மிஷின் என்பதால் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கழிந்தன. ஐரோப்பாவாக இருக்கலாம், பிற்கால இந்தியத் தயாரிப்பாகவும் இருக்கலாம். வியாபாரி சொன்ன ஜெர்மனியும் அதுவரை பொய்யாகிவிடவில்லை.

பொய்யாக்கியது ஒரு சின்னக் கொக்கி. பக்கச் சட்டத்தின் உள்முகத்தில், மூன்று அடுக்குப் பெயிண்டுக்குள் புதைந்து ஒரு தகட்டுப் பட்டயம் இருந்தது. தின்னரில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தபோது எழுத்துகள் மேலே வந்தன. ஓர் எழுத்தின் தலையில் சிறு கொக்கி. ஜெர்மன் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வரும், கொக்கி வராது. அடுத்த வரி ஆங்கிலத்தில் இருந்தது: செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது. வருடம் 1978. ஆலையின் பெயர் பியெசோக்.

வியாபாரியை நான் குறை சொல்ல மாட்டேன். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1993 ஜனவரி முதல் தேதியோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜெர்மன் என்றால் வாங்குபவர் மறுகேள்வி கேட்பதில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெயர் ஜெர்மனியைவிட மதிப்பாகப் பட்டது. பியெசோக் இன்றைய ஸ்லோவாக்கியாவில், பிரெஸ்னோ நகரத்துக்குப் பக்கத்தில், ஹ்ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர். அங்கிருந்த இயந்திர ஆலை பவர் பிரஸ்களுக்கும் தகடு வெட்டும் மிஷின்களுக்கும் பேர்போனது. ஐரோப்பாவின் பழைய இயந்திரச் சந்தையில் இன்றும் அந்தப் பெயருள்ள மிஷின்கள் கைமாறுகின்றன. இந்த மாதிரிச் செக்கோஸ்லோவாக்கிய இயந்திரங்களை வெளிநாட்டுக்கு விற்கும் பொறுப்பு அந்தக் காலத்தில் பிராகாவில் இருந்த ஸ்ட்ரோஜிம்போர்ட் என்ற அரசு நிறுவனத்திடம் இருந்தது. நாங்கள் திருச்சிக்காரர்கள் செக் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவோம். திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965-இல் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு தொடங்கியதுதான். அந்த ஆலையை நம்பித்தான் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. என்னுடையதும் அதில் ஒன்று.

மிஷின் எங்கே பிறந்தது என்று தெரிந்தது. யார் வீட்டில் வளர்ந்தது என்பது பாக்கி. வங்கிக் கடனில் அடமானம் ஏதும் நிலுவையில் இல்லை என்று உறுதிசெய்ய, வியாபாரியின் கொள்முதல் காகிதங்களைக் கேட்டேன். ஃபைலில் இ-வே பில் இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு சரக்கு லாரியில் ஏறும்போது எடுக்க வேண்டிய அந்தச் சீட்டில், அனுப்பும் இடத்தின் பின்கோடு கட்டாயம் இருக்கும். இதில் இருந்தது 620015.

என் பட்டறையின் லெட்டர்ஹெட்டில் அச்சடித்திருக்கும் அதே பின்கோடு.

துவாக்குடிக்குத் திரும்பி விசாரித்தேன். இவ்வளவு கனமான மிஷினை யாரும் ரகசியமாக ஏற்ற முடியாது. எங்கள் பேட்டையில் அந்த எடையைத் தூக்கும் கிரேன்கள் கொஞ்சம்தான். ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் எல்லாப் பட்டறையும் தெரியும். டீக்கடையில் நின்றிருந்த கிரேன் டிரைவர், நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டித் திசை காட்டினார். அங்கே பூட்டிய கேட்டும், கேட்டுக்கு மேல் ஏறிப் படர்ந்த கொடியும் இருந்தன. கொதிகலனுக்கு டக்ட் செய்துகொண்டிருந்த பட்டறை அது. 2010-களில் மின்நிலைய ஆர்டர்கள் வற்றியபோது எங்கள் வட்டாரத்தில் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. கடன் கட்ட முடியாத பட்டறைகளை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கிகள் கையகப்படுத்தின. பேப்பரில் ஏல அறிவிப்பு வரும். கட்டடம் ஒருவருக்கு, மிஷின் இன்னொருவருக்கு என்று போகும். அந்த அறிவிப்புகளை நாங்கள் இழவுச் செய்தி படிப்பதைப் போலத்தான் படித்தோம். அந்த மிஷின்களை ஓட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த அறிவிப்பிலும் இருக்காது.

இந்த மிஷினை ஓட்டியவர் அண்ணா நகர் பக்கம் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். பெயிண்ட் நிறத்தை நான் சொல்லவில்லை. பட்டயத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"செக் மிஷினா? அது நம்ம புள்ள தம்பி" என்றார். "எங்க மொதலாளி அதை ஏலத்துல எடுத்தாரு. வந்தப்ப சாம்பல் கலரு. பச்சை அடிச்சது நான்தான்."

"என்ன வெட்டுனீங்கண்ணே?"

"டக்ட் பிளேட்டுதான். அஞ்சு எம்.எம்., ஆறு எம்.எம். பத்து எப்பவாச்சும். நோகாம வேலை செஞ்சுது." சற்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "எடது பக்கம் கேப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். ஃபீலர் கேஜ் வைத்தபோது இரண்டு பிளேடுக்கும் இடையிலான சந்து வலது முனையில் 0.25 எம்.எம்., நடுவில் 0.35, இடது முனையில் 0.7. காரணம் புரியாமல் குறித்து வைத்திருந்தேன். அவர் சொன்னார்: மூலை மட்டம் பிடிக்கும் ஸ்கொயரிங் ஆர்ம் இடது பக்கம் இருந்தது. சின்னத் துண்டெல்லாம் அதில் அணைத்தே வெட்டினார்கள். மூன்று மீட்டர் பிளேடில் அந்த ஒரு முழம்தான் நாள் முழுக்க உழைத்தது. பிளேடு மட்டுமல்ல, மேல் பிளேடைச் சுமக்கும் ராம் ஏறி இறங்கும் இடது கைடும் தேய்ந்தது. நான் அளந்து எழுதிய மூன்று எண்களும் இவருடைய ஷிப்டுகள்தான்.

பிறகு, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். ஒரு நைட் ஷிப்டில் வேறொருவர் பன்னிரண்டு எம்.எம். பிளேட்டைக் கொடுத்துவிட்டார். ராம் பாதியில் சிக்கி நின்றது. "தகட்டைப் புடிக்கிற அமுக்கி இருக்குல்ல, வலது பக்கம், அதோட பிராக்கெட்டுல அன்னைக்கி ஒரு சத்தம் கேட்டுச்சாம். மொதலாளிகிட்ட சொன்னேன். ஆர்டர் அவசரம், ஓட்டுன்னாரு. வாங்குறதுன்னா அதைப் பாத்துட்டு வாங்குங்க."

கோவைக்கு டி.பி. டெஸ்ட் செய்யும் டப்பாக்களோடு போனேன். வெல்டிங்கில் விரிசல் பார்க்க எங்கள் பட்டறையில் எப்போதும் இருப்பவை. முதலில் சட்டத்தின் இரண்டு பள்ள மூலைகளிலும் பெயிண்டை இரும்பு தெரியும்வரை எடுத்தோம். சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடு போடும். இடது மூலை வெள்ளையாகவே இருந்தது. வலதும் அப்படியே. பிறகு அமுக்கியின் வலது பிராக்கெட். வெள்ளை உலர உலர, வெல்டின் ஓரத்தை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய சிவப்பு எழுந்தது. வியாபாரி குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்கே தெரியாதுங்க" என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன்.

அந்தக் கோட்டைக் கண்டதும் வேண்டாம் என்று வந்திருப்பேன், அது பள்ள மூலையில் இருந்திருந்தால். பிராக்கெட் வெல்டு என்பதால் வாங்கினேன். கோட்டின் நீளத்துக்கும், தேய்ந்த கைடுக்கும், நான்கு முனையில் மூன்று மழுங்கிப்போன கீழ்ப் பிளேடுக்கும் சேர்த்து விலை குறைந்தது. துவாக்குடியில் இறக்கியதும் விரிசலைக் கோதி எடுத்து, முழுதும் போய்விட்டதா என்று மறுபடி சாயம் அடித்துப் பார்த்து, சூடேற்றி, 7018 ராடில் நிரப்பினோம். என் வெல்டர்கள் கொதிகலன் வேலை பார்த்தவர்கள்; இது அவர்களுக்குப் பழகிய கை வேலை.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் விலை பேசும் மும்முரத்தில் விட்டுவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மிஷினில் விரல் காப்புக் கம்பி இல்லை. எந்தக் கட்டத்திலோ இடைஞ்சல் என்று யாரோ கழற்றியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பழைய மெக்கானிக்கல் ஷியரிங்கில் பெடலை மிதித்துவிட்டால் அந்தச் சுற்று முடியும்வரை ராம் நிற்காது. கிளட்ச் தேய்ந்திருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கும். அந்த இரண்டாவது இறக்கத்தில் விரல் இழந்தவர்கள் எங்கள் பேட்டையில் இருக்கிறார்கள். ஓடும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-வது பிரிவில் சொல்லியிருந்தது. பெயிண்டுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கு இருந்தால் காப்பு போட்டிருக்கலாம். நாங்கள் காப்பும் புது பிரேக் லைனிங்கும் போட்ட பிறகுதான் முதல் தகட்டை உள்ளே விட்டோம்.

பிளேடு சந்தைச் சரிசெய்ய அந்த அண்ணனையே அழைத்தேன். கைடுக்குப் புது பட்டை போட்டிருந்ததால் முனைக்கு முனை 0.3 எம்.எம். கிடைத்தது. ஐந்து எம்.எம். தகட்டை மூன்று மீட்டருக்கும் வெட்டி, கீழ் விளிம்பை இடமிருந்து வலமாக நகத்தால் தடவிக்கொண்டே போனார். பர் எங்கும் நகத்தில் சிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் வந்து பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

அவர் சொல்லிச் செய்த முதல் காரியம், ஸ்கொயரிங் ஆர்மைக் கழற்றி வலது பக்கம் மாட்டியது. இரண்டாவது, மிஷினின் நெற்றியில் அவர் கைப்பட எழுதிய பலகை: எம்.எஸ். 10, எஸ்.எஸ். 6, அதற்கு மேல் யார் சொன்னாலும் போடக் கூடாது.