இரும்பின் முன் அதபு

நம் சகோதரியின் மகன் அண்மையில் ஒரு சிறிய லேத் வாங்கினான். மேசைமேல் வைக்கத் தக்கது. இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். வீட்டின் பின்கட்டில் அதைப் பொருத்திவிட்டு, "மாமா, நீங்கள் வந்து பாத்திஹா ஓதித் தொடங்கிவைக்க வேண்டும்" என்று அழைத்தான். இளமையில் சில ஆண்டுகள் கோவையில் ஒரு கடைசல் பட்டறையில் நாம் நின்றிருக்கிறோம்; அதனால் வந்த மரியாதை இது.

ஓதி முடித்ததும் அவன் கை சுவிட்சை நோக்கிப் போயிற்று. அந்தக் கையைப் பற்றி நிறுத்தினோம். சக்கில் சாவி செருகியபடியே இருந்தது.

சக் என்பது கடைய வேண்டிய இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் பகுதி. அதன் தாடைகளை இறுக்குவதற்கான சாவியை எடுக்க மறந்து இயந்திரத்தை ஓட்டினால், அது கவணிலிருந்து புறப்பட்ட கல்லாகிவிடும். எதிரே நிற்பவரின் முகமே அதற்கு இலக்காகலாம். சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியில் இருக்க வேண்டும். கை விலகும்போது சாவியும் கையோடு வந்துவிட வேண்டும். பட்டறையில் நாம் கற்ற முதற்பாடம் இதுதான்.

"சின்ன மெஷின்தானே மாமா!" என்று சிரித்தான் பிள்ளை.

அந்தச் சொல் நம்மைப் பழைய நாட்களுக்கு இழுத்துச் சென்றது. நமக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவரைப் பட்டறையில் எல்லாரும் 'பெரிய பாய்' என்றே அழைப்பர். லுஹர் நேரத்தில் அருகிலிருந்த பள்ளிவாசலுக்கு அவரோடு செல்வோம். முதல் நாள் அவர் பக்கத்தில் அமர்ந்தபோது நாம் கண்டதை இன்றும் மறக்க இயலவில்லை. அத்தஹிய்யாத் இருப்பில், ஏகத்துவத்துக்குச் சாட்சியாக உயர வேண்டிய வலக்கைச் சுட்டுவிரல் அவருக்கு இல்லை. அடிக்கணு மட்டும் மெல்ல எழுந்து நின்றது.

பல மாதங்கள் கழித்துத்தான் கேட்கத் துணிந்தோம். மார்கழிக் குளிரில் இரும்பு சில்லென்றிருந்ததாம். கைக்கு இதமாக நூல் கையுறை அணிந்துகொண்டு, சுழலும் தண்டை எமரித் துணியால் மெருகிட்டிருக்கிறார். கையுறையின் ஓர் இழை பிடிபட்டது. அவ்வளவுதான்.

"கத்ர் என்று சொல்லிவிடலாம் தம்பி. எல்லாம் அவன் நாட்டம்தான். ஆனால் அந்தக் கையுறையைப் போட்டது என் கை. நாளைக்கு அதைப் பற்றி என்னிடம்தானே கேட்பான்?" என்றார் அவர்.

அந்த இழைக்குள் இருந்த கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 78 மில்லிமீட்டர். ஆகவே ஒரு நொடியில் 78 சென்டிமீட்டர் துணியை அது சுற்றிக்கொள்ளும். நாம் திடுக்கிட்டுக் கையை இழுக்க எண்ணும் கால் நொடிக்குள் ஏறத்தாழ ஒரு சாண் போய்விடும். சிறிய லேத்துகளிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஓடுபவை உண்டு. கையைக் காக்கும் என்று நாம் நம்பும் கையுறையே இங்கே கையை இழுத்துக்கொடுக்கும் கயிறாகிவிடுகிறது.

இவ்வளவையும் கேட்டறிந்த நாமே பின்னொரு வெள்ளிக்கிழமை தவறினோம். ஜும்ஆ முடிந்து, நீண்ட கை வைத்த ஜிப்பாவுடன் பட்டறைக்குள் நுழைந்தோம். பம்பு தண்டுக்காக ஒருவர் காத்திருந்தார். ஒரே ஒரு வெட்டுத்தானே என்று இயந்திரத்தை ஓட்டிவிட்டோம். திடீரென அது நின்றது. பெரிய பாய் மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். அவர் ஏசவில்லை. தம் வலக்கையை நம் கண்ணெதிரே ஒரு கணம் உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓடும் இயந்திரத்தை நெருங்கி ஆராய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அதை முதலாளியே தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆனால் வீட்டுப் பின்கட்டுக்கு எந்த ஆய்வாளர் வரப்போகிறார்? அங்கே நம் அச்சமே நமக்கு ஆய்வாளர்.

ஆகவே மருமகனை அருகில் அமர்த்தி ஒவ்வொன்றாகச் சொன்னோம். சட்டைக் கை முழங்கைக்கு மேலே. மோதிரமும் கைக்கடிகாரமும் அலமாரியில். தாடி நீண்டால் அதையும் கட்டிக்கொள். கண்ணாடி இல்லாமல் நிற்காதே. ஓட்டுமுன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார். தாடை எங்கும் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தண்டு அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் மறுமுனைக்கும் தாங்கல் கொடு. சீவி வரும் இரும்புச் சுருள் கத்தியைவிடக் கூரியது, நெருப்பைப்போல் சுடுவது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரிகையாலோ கொக்கியாலோ எடு. அளவு பார்ப்பதும் நின்ற பின்புதான்.

இன்னொன்றும் சொன்னோம்: தூக்கக் கலக்கத்திலும் தனிமையிலும் வேண்டாம். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில், இரவில் தனியே கடைந்துகொண்டிருந்த அறிவியல் மாணவி ஒருவரின் தலைமுடி லேத்தில் சிக்கி உயிரே போயிற்று. உடனே அணைக்க அருகில் ஒரு கை இல்லை.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. துப்பட்டியோடும் அவிழ்ந்த கூந்தலோடும் அதனருகே செல்லாதீர்கள். குழந்தைகளை அந்த அறையில் விடாதீர்கள். வேலை செய்பவனைப் பின்னாலிருந்து சாப்பிட அழைக்காதீர்கள். ஒலி அடங்கும்வரை பொறுங்கள். சோறு ஆறினால் சூடாக்கிக்கொள்ளலாம்.

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கித் தரப்பட்டதைத் திருமறை கூறுகிறது. அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட தொழில் போர்க்கவசம் செய்வது. அதன் வளையங்களையும் அளவோடு அமைக்கும்படி ஏவப்பட்டார்கள். மனித உடலைக் காக்கவே அந்த இரும்புத் தொழில் அருளப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதன்றோ? உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆசானின் முன் அதபு பேணுகிறோம். இரும்பின் முன்னும் ஓர் அதபு வேண்டும்.

பிள்ளை சாவியை எடுத்துச் சுவரின் ஆணியில் மாட்டினான். சட்டைக் கையை மடித்தான். சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினான். பிறகு பிஸ்மில்லாஹ் கூறி ஓட்டினான்.

அன்று அஸர் தொழுகையில் அவன் நம் அருகே அமர்ந்தான். இருப்பில் அவன் சுட்டுவிரல் உயர்ந்தது. அந்த விரல் என்றும் அப்படியே உயர வேண்டும் என்று துஆச் செய்தோம். பெரிய பாய்க்கும் சேர்த்துச் செய்தோம்.