உடம்பைத் துடைக்கும்போது

நர்சிங் அசிஸ்டெண்ட் படிப்புக்கு வருகிற பெண்களுக்கு முதல் வாரமே ஊசி போடக் கற்றுக்கொண்டுவிட வேண்டும். ஒலக்கூர், மயிலம், வானூர், மரக்காணம், செஞ்சி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இதில் மாற்றமில்லை. பிளஸ் டூ முடித்த கையோடு வருபவர்கள் ஒரு பாதி; குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலை தேடி வருபவர்கள் இன்னொரு பாதி. எல்லாருக்கும் ஊசி போடுபவர்தான் நர்ஸ். நான் அவர்கள் கையில் கொடுப்பதோ ஒரு பேசின், நாலைந்து சின்னத் துண்டு, ஒரு போர்வை. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டிலிலேயே துடைத்துவிடும் ஸ்பாஞ்ச் பாத். "இது ஆயா செய்ற வேலை இல்லீங்களா மேடம்?" என்று கேட்காத பேட்ச் இதுவரை வந்ததில்லை.

பாடத்திட்டத்தில் அடிப்படை அறிவு என்று தனித்தனித் தலைப்பில் போட்டிருப்பதில் முக்கால்வாசியை இந்த ஒரு வேலைக்குள்ளேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. முறை ஒன்றும் கடினமில்லை. ஃபேனை நிறுத்து, ஸ்கிரீனை இழு, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடி வை. கண்ணை மூக்கோரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்கு வேறு துணி. கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை நீளவாக்கில். தண்ணீர் ஆறினால் மாற்று, கலங்கினாலும் மாற்று. மறைவிடம் கடைசியில், தனித் துணியில், முன்னாலிருந்து பின்னால். இரண்டு நாளில் கை பழகிவிடும். கண் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலுக்கு முன்னால் நிற்பது சில நிமிஷம். ஸ்டாஃப் நர்ஸ் மருந்துத் தட்டோடு ஓடிக்கொண்டிருப்பார். ஒருவரின் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பக்கம், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் ஒரே வேளையில் வெளிச்சத்தில் பார்க்கிறவர் துடைக்கிறவர் மட்டும்தான்.

எங்கள் பக்கத்துக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஸ்க்ரப் டைபஸ். மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி வட்டாரத்தில் வருகிற காய்ச்சல்களில் இதுவும் ஒன்று. புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வகைப் பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. களை எடுக்கவும் புல் அறுக்கவும் சவுக்குத் தோப்பில் சுள்ளி பொறுக்கவும் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று டெங்கு போலவே ஆரம்பிக்கும். கடித்த இடத்தில் பலருக்குக் கறுத்த பொருக்கு ஒன்று கட்டும். சுற்றிலும் லேசாகச் சிவந்து, சிகரெட் நெருப்பு சுட்ட வடு மாதிரி. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்லமாட்டார். அதிலும் பெண்களுக்கு அது மார்புக்கு அடியிலோ தொடையிடுக்கிலோ இருந்துவிட்டால், கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

ஒரு தை மாதம் வார்டில் நடந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, ஒரு வாரக் காய்ச்சல், டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்தாகிவிட்டது. என் மாணவி ஒருத்தி இடது மார்பைத் தூக்கித் துடைத்துவிட்டு, ஈரம் நிற்காமல் ஒற்றும்போது நிறுத்தினாள். "பெரியம்மா, இங்க கறுப்பா ஒரு பொருக்கு இருக்கே, எப்பத்திலிருந்து?" "அது ஏதோ எறும்பு கடிச்சதுடி, விடு." அவள் விடவில்லை. பொருக்கைக் கிள்ளிப் பார்க்கவும் இல்லை. போர்வையை மூடிவிட்டு நேராக சிஸ்டரிடம் போய், "ஆறாம் கட்டில், இடது மார்புக்குக் கீழே, மிளகு சைஸில் கறுத்த பொருக்கு, சுத்தி சிவப்பு, வலி இல்லைன்னு சொல்றாங்க" என்றாள். ஸ்க்ரப் டைபஸாக இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மாத்திரையிலேயே தீரக்கூடிய இந்தக் காய்ச்சலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும்.

படுக்கைப் புண்ணும் இதே பாடம்தான். தோல் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காமல் இருந்தால் அது புண்ணின் முதல் நிலை என்று புத்தகத்தில் இருக்கும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதின வாக்கியம் அது. வெயிலில் வேலை செய்து கறுத்த முதுகில் சிவப்பை எங்கே தேடுவது? எங்கள் ஊர் உடம்புக்கு நான் சொல்லும் முறை வேறு. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், பின்மண்டை, முழங்கை ஆகிய இடங்களில் புறங்கையை வைத்துப் பார். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா? அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறதா, இல்லை கொழகொழவென்று இருக்கிறதா? நிறம் பக்கத்தைவிடக் கருநீலமாகக் கறுத்திருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதே, சிஸ்டரிடம் சொல், அந்த இடத்தைத் தேய்க்காதே. பவுடர் கொட்டித் தேய்த்துவிடுவது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். அடியில் ஏற்கெனவே நசுங்கிப்போன சதையை அது இன்னும் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். புரட்டும்போது இழுக்காமல், இடுப்புக்கு அடியில் விரித்த டிரா ஷீட்டோடு தூக்கி நகர்த்த வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால், ஒரு வார்டில் இருக்கும் அத்தனை பேரும் நிமிஷத்துக்கு 20 தடவை மூச்சு விட்டிருப்பார்கள். நிமோனியாக்காரரும் 20, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவரும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி, பிபி, ஆக்சிஜனுக்கு மெஷின் வந்துவிட்டது. வார்டில் மூச்சை இன்னும் கண்ணால்தான் எண்ண வேண்டும், அதனால்தான் அதில் இந்தக் கள்ளம். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரி. உடம்பு கெடப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். பிபி இறங்குவதற்கு முன்பே அது ஏறிவிடும். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். மெஷினையும் முழுசாக நம்ப முடியாது. கல்யாண வீட்டு மருதாணியும் நகப்பூச்சும் போட்ட விரலில் ஆக்சிஜன் அளவு தப்பாகக் காட்டலாம். குளிரில் விறைத்த விரலிலும் அப்படியே. வேறு விரலில் மாட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கு.

நெல்லும் கரும்பும் போடுகிற மாவட்டம் என்பதால் பாம்புக்கடியை நான் விடுவதில்லை. கடிபட்டவர் வந்தவுடன் செய்கிற ரத்தம் உறையும் சோதனைக்கு வேண்டியது காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். இரண்டு மில்லி ரத்தத்தை அதில் விட்டு 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்தி வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழாயை எடுத்து வருவது அசிஸ்டெண்ட். பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவின கண்ணாடியிலும் உறையாது. குழாய் தப்பாகப் போனால், விஷமே ஏறாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்தும் லேசுப்பட்டதல்ல. 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து வடநெம்மேலியில் விஷம் எடுத்துத் தருகிறது; அப்படி எடுத்த விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் அந்த மருந்து. சிலர் உடம்பு அதை ஒத்துக்கொள்ளாது. டிரிப்ஸ் ஓடும்போது நோயாளி கழுத்தைச் சொறிய ஆரம்பித்தால் அது கொசுக்கடி இல்லை, உடனே கூப்பிடு. தரையில் பாய் போட்டுத் தூங்கினவர், கடித்த அடையாளமே இல்லாமல் வயிற்றுவலி என்று விடியற்காலையில் வந்தால், கண்ணிமை தொங்குகிறதா என்று பார். கட்டுவிரியன் கடி அப்படித்தான் வரும்.

2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடுவது ஓரளவு குறைந்திருக்கிறது. வேலைவாய்ப்பும் கூடியிருக்கிறது. கூடவே, 'ஒரே வருடத்தில் நர்ஸ்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் போஸ்டரும் ஒட்டுகிறார்கள். அது உண்மையில்லை என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுவேன். ஏஎன்எம், டிப்ளமா, பி.எஸ்சி. படித்தவர்களைத்தான் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்வார்கள். ஒரு வருடச் சான்றிதழுக்குப் பதிவு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த சின்ன நர்சிங் ஹோமில் ராத்திரி ஆள் இல்லாதபோது, "நீயே அந்த ஐவி இன்ஜெக்‌ஷனைப் போட்டுடும்மா" என்பார்கள். போட முடியும், கை நடுங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் மருந்து ஒத்துக்கொள்ளாமல் அந்த நோயாளிக்கு மூச்சு அடைத்தால், கேஸில் முதலில் இருக்கப்போவது அவள் பெயர். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வகுப்பில் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்: "நான் போடக் கூடாது சார். டியூட்டி சிஸ்டருக்கு போன் பண்றேன், அவங்க வர்ற வரைக்கும் நான் இவர்கிட்டயே நிக்கிறேன்." முதல் தடவை சொல்லும்போது குரலே வராது. நாலைந்து தடவை சொன்னபிறகு வரும்.